கோச்சிக்கு விட்ட இடம்

ஹெல்வி வந்து இறங்கியது வெள்ளி விடியற்காலை.
பெட்டி டோஹாவில் நின்றுவிட்டது.
மடியில் வைத்துக்கொண்டு வந்ததால்
வியோலா தப்பியது.
மேடைக்கு உடுக்க ரொஷெலின் அம்மாவுடைய கறுப்புப் பாவாடை,
இடுப்பில் இரண்டு ஊசி.

பம்பலப்பிட்டியில், தண்டவாளத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவில்
எங்கள் இசைக் கல்லூரி வாடகைக்கு எடுக்கும் மண்டபம்.
ஃபானைப் போட்டால் தாள் பறக்கும்,
போடாவிட்டால் ஆள் உருகும்.
அதனால் தாளுக்கு உடுப்புக் கிளிப்,
ஆளுக்கு ஒன்றுமில்லை.
கடல் காற்றில் ஊறிய பிரடைகள்
ஒன்று இறுகும், மற்றது வழுக்கும்.

ஒத்திகைக்குக் கிடைத்தது காலையில் ஐம்பது நிமிடம்.
"இரண்டாவது வியோலா யார்?"
கணக்குச் செய்யாமல் வந்தவள் மாதிரி
கையைப் பாதி தூக்கினேன்.
"இன்றைக்கு நீ முதலாவது வாசி.
நான் உன் இடத்தில் இருக்கிறேன். களைப்பு" என்றாள்.
பெருந்தன்மை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.
நான் அருகில் இருந்து பார்த்தேன்:
உண்மையாகவே களைப்புத்தான்.

தாள்களை மாற்றிக்கொண்டோம்.
ஒரு வருடம் நான் பென்சிலால் கிறுக்கிய தாள்
அவளுடைய ஸ்டாண்டில்.
அதில் என் விரல் இலக்கங்கள்,
துலஞ்ஜன சிந்திய பிளேன்டீ,
இரண்டாம் பகுதியின் நடுவில்
எல்லோரும் நிற்கும் அந்த மௌனத்தின் மேல்
சின்னதாய் ஒரு படம்.

பின்னேரம் ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி.
வரவேற்புரை பதினொரு நிமிடம் நீண்டது.
பாணந்துறைக் கோச்சியும் அன்றைக்குப் பதினொரு நிமிடம் தாமதம்.
யாரிடம் போய் நோவது.

முதல் பகுதி ஒருவழியாய்க் கரை சேர்ந்தது.
பழக்கமில்லாத உயரத்தில் நான்,
ஏணியில் நின்று பல்ப் மாற்றுகிறவள் போல.
என் பழைய வரிகள் பக்கத்துக் கதிரையிலிருந்து வந்தன.
என்னுடையவைதான்.
ஆனால் அவற்றுக்கு இவ்வளவு சதை இருந்தது
எனக்குத் தெரியாது.
கொஞ்சம் பொறாமை. சரி, நிறைய.

பிறகு மெதுவான பகுதி. பிறகு அந்த மௌனம்.
ஐந்து வில்லும் காற்றில்.
அதை உடைத்து முதலில் நுழைவது
இரண்டாவது வியோலா.
ஒரு வருடமாய் அந்த இடத்தில்
நாங்கள் கோச்சியை விட்டுத்தான் பிடிப்போம்.
தரை முதலில் சொல்லும், செருப்புக்கு அடியில்.
ரிஃப்கானின் செல்லோ ஊசி நடுங்கும்.
நாங்கள் காத்திருப்போம்.

காலையில் கோச்சி இல்லை.
நான் அவளுக்குச் சொல்ல மறந்திருந்தேன்.

ஹெல்வி நுழைந்தாள்,
ஆகக் கீழ்த் தந்தியில் நீண்ட ஒரு சுரம்.
அடுத்த அடியில் நாங்கள் நால்வரும் சேர வேண்டும்.
ஒருவரும் சேரவில்லை.
பழக்கம் கையைப் பிடித்து வைத்திருந்தது.
யன்னல் கண்ணாடி கிறுகிறுத்தது.
முழு அலறலுடன் கோச்சி
எங்கள் முதுகுக்குப் பின்னால்.

அவள் நிறுத்தவில்லை.
திரும்பிப் பார்க்கவும் இல்லை.
வில்லை மாற்றி மாற்றி
அதே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.
கேட்கவில்லை. கை அசைவது மட்டும் தெரிந்தது,
ஊமைப் படம் போல.
முன்வரிசையில் தூதரகத்துக்காரர் விழித்துக்கொண்டார்.

கடைசிப் பெட்டி போனது.
சத்தம் வெள்ளவத்தைப் பக்கம் வடியத் தொடங்க
அதற்கு அடியிலிருந்து
நனைந்த கல் வெளியே தெரிவதுபோல
அந்தச் சுரம்.
அங்கேயே இருந்தது. அசையாமல்.
ரொஷெல் மூச்சிழுத்தாள்,
நாங்கள் அதன்மேல் கால் வைத்தோம்.

இடைவேளையில் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னாள்:
"அந்தப் படத்தை மரவட்டை என்று நினைத்தேன்."
நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
"மிளகு கூட" என்று தண்ணீரைத் தேடிப் போய்விட்டாள்.

ஞாயிறு இரவு அவள் போனபின்
தாள் எனக்குத் திரும்பி வந்தது.
என் கோச்சிக்குக் கீழே,
வாசிக்காத இடங்களை எண்ணுகிறவர்கள் போடும்
தடித்த கோடு ஒன்று,
அதன் மேல் இலக்கம்: 8.

எட்டு அடியா, எட்டுப் பெட்டியா?
செவ்வாய் பின்னேரம் தண்டவாளத்தருகே நின்று எண்ணினேன்.
ஒன்பது.
பாவாடை இன்னும் வந்து சேரவில்லை.